கொதிநீரா, குளோரின் மாத்திரையா?

பக்கத்துத் தெருவில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது குடிதண்ணீரை.

தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே காலரா, டைபாய்டு கிருமிகள் செத்துவிடும். குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியும் தப்பாது. ஆனால் ஆறிய தண்ணீரில் பிள்ளை சொம்போடு கையை விட்டால் போச்சு. ஆறேழு பேர் உள்ள வீட்டில் கேஸும் கட்டாது.

அங்கேதான் மாத்திரை கைகொடுக்கிறது. கலங்கல் இருந்தால் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். அட்டையில் போட்ட அளவுக்குக் கரைத்து 30 நிமிடம் மூடி வையுங்கள். லேசான குளோரின் வாடை இருக்கும்வரை, பிறகு விழும் கிருமிக்கும் தடை உண்டு. அந்த வாடைக்காகவே பலர் தண்ணீரைக் கொட்டிவிடுவது எனக்கு வருத்தம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொன்று: பல ஊர்களில் போர் தண்ணீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். மாத்திரை அதைத் தொடாது; கொதித்து வற்ற வற்ற அதன் செறிவு ஏறத்தான் செய்யும். அதனால் எந்த வழியானாலும் ஒகேனக்கல் திட்டக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் செய்யுங்கள்.

என் வீடென்றால் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சிய தண்ணீர், மற்றவர்களுக்கு மாத்திரை போட்ட குடம். இரண்டையும் நீளக் கைப்பிடிக் கரண்டியால்தான் மொள்ள வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் நாலு இப்போதே வாங்கி வையுங்கள்.