குமிழ் மெஷினா, போர்டு மெஷினா?

எங்கள் ஃப்ரிட்ஜ் ஒருநாள் காலையில் "டிக்... டிக்... டிக்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் மட்டும் இல்லை. சர்வீஸ்காரர் வந்தார். பின்பக்க மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். ஃப்ரிட்ஜை இயக்கும் எலெக்ட்ரானிக் சர்க்யூட் தட்டைத்தான் போர்டு என்கிறார். அந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லையாம். புதுசு வாங்கிவிடுவதே நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே சமையலறையில் ஒரு மிக்ஸி இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு மூத்தது. இதுவரை நான்கு முறை கெட்டிருக்கிறது, நான்கு முறையும் உள்ளங்கையில் அடங்கும் ஏதோ ஒரு சாமானை மாற்றியதும் ஓடிவிட்டது. ஃப்ரிட்ஜ் கெட்டது இதுதான் முதல் தடவை. எண்ணிப் பார்த்தால் ஃப்ரிட்ஜ்தான் உழைத்த மெஷின். ஆனால் என்னைக் கேட்டால் மிக்ஸியைத்தான் நம்புவேன். கெட்டால் எவ்வளவு பெரிய துண்டை மாற்றச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, குமிழைத் திருகி ஓட்டும் எளிய மெஷின் ஒரு பக்கம், போர்டு ஓட்டும் மெஷின் ஒரு பக்கம் என்று ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்து மெஷின்தான் மெஷின்" என்ற கட்சியில் நான் இல்லை. அன்றைக்கு மோசமாகச் செய்தவையெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. தாக்குப்பிடித்த நாலைந்துதான் கண்ணில் படுகின்றன.

மிக்ஸி: பிரஷ் உள்ளதும் இல்லாததும்

சாதாரண மிக்ஸிக்குள் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல்கூடப் போகும். சுழலும் செப்புப் பட்டைகளின் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசியபடியே மின்சாரம் கொடுக்கும். உரசுவது தேயத்தானே செய்யும். காற்றுத் துளை வழியே நீலப் பொறி அதிகமாகத் தெரிந்தால் பிரஷ்ஷைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அடுத்தது ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கப்ளர். பிளேடு இறுகிக்கொண்டால் மோட்டாருக்கு முந்திக்கொண்டு அதன் பல்தான் மழுங்கும். ஜாருக்கு அடியில் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்தால் கறுப்பாக ஒரு கசிவு வரும். அதைத் துடைத்துத் துடைத்தே ஓட்டினால் ஈரம் கீழே மோட்டார் பேரிங்குக்கு இறங்கும், அப்போதுதான் செலவு பெரிதாகும். மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் முதலில் அடியில் இருக்கும் ஓவர்லோட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது தெரியாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைவரை போய்த் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

பிஎல்டிசி மிக்ஸியில் பிரஷ்ஷே கிடையாது. சத்தம் குறைவு, சூடு குறைவு, நீண்ட நேரம் ஓடும். ஆனால் அந்த மோட்டார் தானாகச் சுழலாது, ஒரு டிரைவர் போர்டு சொல்லிச்சொல்லிச் சுழற்றவேண்டும். நாள் முழுக்க அரைப்பவர்களுக்கு அது லாபம். காலையில் ஐந்து நிமிடம் ஓட்டுகிற வீட்டுக்குப் பிரஷ் மிக்ஸியே போதும்.

ஃப்ரிட்ஜ்: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் பனியை நாமே உருக்கவேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. மற்றபடி உள்ளே எண்ணினால் கம்ப்ரசர், குளிரைப் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட், அதைக் கிளப்பிவிடும் ரிலே, சுமை கூடினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோட், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டில்கூட எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. மெல்லிய குழாயில் அடைத்த வாயு விரிந்து சுருங்கி ஸ்விட்சைத் தட்டுகிறது. இதில் அடிக்கடி தப்பாகச் சொல்லப்படும் பழுது ஒன்று உண்டு. கம்ப்ரசர் சில நொடிகள் "ம்ம்ம்" என்று முனகி, "டக்" என்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். கேட்டவுடன் "கம்ப்ரசர் போச்சு" என்பார்கள். பல நேரம் கெட்டிருப்பது ஸ்டார்ட் ரிலேதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசர் பக்கவாட்டில் செருகியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை உருவிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் பீங்கான் வில்லை நொறுங்கிவிட்டது. வேறு ரிலே போட்டால் முடிந்தது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பனி உருக்கும் வேலையை ஒரு ஹீட்டர், ஒரு சென்சார், ஒரு ஃபேன், டைமர் அல்லது போர்டு சேர்ந்து செய்கின்றன. வசதிதான், ஆனால் நான்கில் ஒன்று கெட்டாலும் வேலை நிற்கும். மேலே ஃப்ரீசர் ஜில்லென்று இருக்கும், கீழ்த்தட்டில் குளிரே இருக்காது. பின்சுவருக்குப் பின்னால் பனி சுவராக எழும்பிக் காற்றை மறித்துவிட்டது என்று பொருள். இதற்கும் "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு நாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். அதன்பிறகு சில நாள் நன்றாகக் குளிர்ந்து மறுபடி பழைய கதைக்கே வந்தால் கேஸ்மேல் பழி இல்லை. ஹீட்டரையோ சென்சாரையோ அதன் ஃப்யூஸையோ பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப மெதுவாகவோ வேகமாகவோ ஓடும். சாதாரண கம்ப்ரசர் போல முழு வேகத்தில் கிளம்பி நின்று, கிளம்பி நின்று உதறாது. தேய்மானமும் மின்செலவும் குறைவு. 10 வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது கம்ப்ரசருக்கா, அதை ஓட்டும் டிரைவ் போர்டுக்கும் சேர்த்தா என்று சின்ன எழுத்தில் பார்க்கவும். வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதை மூன்று ஃபேஸாக மாற்றிக் கொடுப்பது அந்த போர்டுதான். மின்னழுத்தம் எகிறினால் முதல் அடி அதற்கு. கரண்ட் சீராக வரும் வீட்டுக்கு இன்வெர்ட்டர் என்பேன். ஏறி இறங்கும் வீட்டில் டைரக்ட் கூல், இல்லையென்றால் இன்வெர்ட்டரோடு ஒரு நல்ல ஸ்டெபிலைசர்.

கேஸ் விஷயத்தில் மட்டும் எந்த வகையிலும் கைவைக்க வேண்டாம். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தீப்பற்றும்.

அடுப்பு

கேஸ் அடுப்பின் பழுதுகளில் முக்கால்வாசி அழுக்குதான். கேஸ் வெளிவரும் துளையான ஜெட் அடைத்திருக்கும், வால்வில் கிரீஸ் காய்ந்திருக்கும். பாதுகாப்பு வசதி உள்ள அடுப்பில் குமிழை விட்டதும் தீ அணைந்தால் தெர்மோகப்பிளைப் பாருங்கள். தீயில் காய்ந்துகொண்டே சில பத்து மில்லிவோல்ட் உண்டாக்கி வால்வைத் திறந்தபடி பிடித்திருப்பது அதுதான். நுனியில் கரி படிந்தால் பிடி தளர்ந்துவிடும், துடைத்தாலே பல நேரம் சரியாகும். காயில் அடுப்பு இன்னும் எளிது. 230 வோல்ட்டில் ஓடும் 2,000 வாட் காயிலை மின்தடை அளக்கும் மல்ட்டிமீட்டரில் வைத்தால் 26 ஓம் பக்கம் காட்டவேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

இண்டக்‌ஷன் முழுக்க முழுக்க போர்டுதான். ஆனால் என் அளவுகோலில் இது தப்பித்துவிடுகிறது. அதன் போர்டில் பெரும்பாலும் வெடிப்பவை ஃப்யூஸ், கரண்டை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர், காயிலுக்குப் போகும் கரண்டை வேகவேகமாக விட்டு நிறுத்தும் ஐஜிபிடி என்ற மூன்று பெரிய உதிரிகள். மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும், சால்டரிங் தெரிந்தவர் மாற்றிவிடுவார். ஏன் வெடித்தது என்று பார்க்காமல் மாற்றினால் மட்டும் பிளக் செருகியதும் புதியதும் வெடிக்கும். காரணம் பல நேரம் அற்பமானது. அடியில் ஃபேன் தூசியில் அடைத்திருக்கும், அல்லது கரப்பான்பூச்சி உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கும். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கமும் கெடுதல். ஃபேன் ஓடி நிற்கும்வரை விடவேண்டும்.

மைக்ரோவேவில் குமிழ் மாடலுக்கும் டச் மாடலுக்கும் உள்ளே சூடாக்கும் பாகங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. டச் மாடலில் "ஸ்டார்ட்" பொத்தான் இருக்கும் இடம்தான் முதலில் செத்துப்போகும், அதனால் நான் குமிழ் கட்சி. உள்ளே பொறி பறந்தால் மைக்கா தகட்டை மாற்றினாலே பெரும்பாலும் போதும், அது வெளியிலிருந்தே தெரியும். மூடியை மட்டும் யாரும் வீட்டில் கழற்றாதீர்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

எளிமையில் யாரும் மிஞ்சமுடியாதது ஒரே ஒரு பொத்தான் உள்ள ரைஸ் குக்கர். அடியில் ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி 103 டிகிரி வாக்கில் ஏறியதும் காந்தத்தோடு ஒட்டியிருக்கும் ஃபெரைட் துண்டு காந்தப்பிடியை இழந்துவிடும், ஸ்பிரிங் தள்ளிவிடும், "டக்". பக்கத்தில் பதினாறு பட்டன் உள்ள மல்ட்டி குக்கரை வைத்தால் எதை வாங்குவேன் என்று சொல்லத் தேவையில்லை. பாத்திரம் கழுவும் மெஷின் பற்றி ஒரே வரி: சில புது மாடல்களில் ஹீட்டரையும் பம்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், ஹீட்டர் போனால் பம்போடு மாற்றவேண்டும்.

சரி, நம் ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு ஃப்ரிட்ஜ் மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 7 வருடத்துக்குத் தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு எல்லாம் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கவேண்டும். கதவு ரப்பருக்கு 10 வருடம். அப்படி ஒரு பிடிமானம் என் கையில் இல்லை. ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் போர்டைக் கழற்றிக் கொண்டுபோனேன்.

அவர் போர்டில் பெரிய சிப் பக்கமே போகவில்லை. மின்சாரம் நுழையும் மூலையில் இருந்த செவ்வகமான ஒரு பிளாஸ்டிக் டப்பியைத்தான் முதலில் கழற்றினார். வீட்டுக் கரண்டை நேரடியாகத் தாங்கும் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர். மேலே கொள்ளளவு 0.47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 0.19 காட்டியது. "இதான் போர்டுக்கே சோறு போடுது" என்றார். ஒவ்வொரு முறை மின்னழுத்தம் எகிறும்போதும் உள்ளே இருக்கும் உலோகப் படலம் ஊசிமுனை அளவு எரிந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். வருடக்கணக்கில் அப்படி எரிந்து எரிந்து கொள்ளளவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. விளக்குக்குத் தனி இணைப்பு, அதனால் எரிந்தது. கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் போர்டு ரிலேயை இழுத்துப் பிடிக்க மட்டும் தெம்பில்லை. அதுதான் அந்த "டிக் டிக்".

பக்கத்தில் இருந்த, உள்ளே திரவம் உள்ள ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரையும் சேர்த்து மாற்றினார். சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், பின்பக்கம் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொன்னார். புது டப்பிமேல் மாற்றிய தேதியை மார்க்கரில் எழுதினார். அதேபோல் இன்னொன்றைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். அதை ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தில், கம்ப்ரசர் சூடு படாத மேல்மூலையில், டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.