ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி: வாங்கலாமா?

வாங்கலாம், அதுலயும் ஆபீஸ் மெயில்ல "அஸர்டெய்ன்" (ascertain) மாதிரி விறைப்பான வெர்ப் பாத்து முழிக்கிறவங்க கண்டிப்பா வாங்கலாம். ஃப்ரீ ஆப் ஒன்னுல தேடுனா கன்ஃபார்ம், என்ஷ்யூர், அஸர்டெய்ன் எல்லாத்துக்கும் "உறுதி செய்"னு ஒரே பதில்தான், அத வச்சு என்ன பண்றது?

இந்த அகராதில அஸர்டெய்னுக்குப் பக்கத்துலயே "ஃபார்மல்"னு போட்டு, ஒரு விஷயத்தோட உண்மைய கண்டுபிடிக்கறதுன்னு தெளிவா சொல்லிடறாங்க, பின்னாடி "வாட்" (what) வருமா "வெதர்" (whether) வருமான்னும் காட்டறாங்க. போலீஸ் ரிப்போர்ட்ல சாவுக்கு காரணத்த அஸர்டெய்ன் பண்ணாங்கன்னா சரி, ஃப்ரெண்டுகிட்ட படம் எத்தன மணிக்குன்னு அஸர்டெய்ன் பண்ணுடான்னா சிரிப்பான், அங்க ஃபைண்ட் அவுட் போதும். உச்சரிப்பும் கவனிங்க, "சர்ட்டன்"னு முடியாது, கடைசி "டெய்ன்"லதான் அழுத்தம் (இத நிறைய பேரு மாத்தி சொல்றாங்க).

ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த ஹார்ன்பியும் கூட்டாளிங்களும் தொகுத்து 1942ல அங்கயே வந்த அகராதிதான் இதுக்கு மூலம், ஆக்ஸ்ஃபோர்ட் 1948ல போட்டுச்சு, அதான் விளக்கமெல்லாம் வெளியாளுக்கும் புரியற மாதிரி எளிமையா இருக்கு.

குறைன்னா தமிழ் அர்த்தம் கிடையாது, புக்கு வேற செம கனம். தூக்க முடியலன்னா வெப்சைட்ல காசில்லாமலே பாக்கலாம், ஆடியோவும் இருக்கு.