ஐ-20 கிடைப்பதும் கல்லூரிக்குத் தர அங்கீகாரம் இருப்பதும் வேறு வேறு

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு இடம் தேடும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2021-இல் என் தம்பியை அங்குள்ள ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்ட கன்சல்டன்சி, அக்கல்லூரி அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தது. அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகள் இரண்டு: மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி வழங்குகிறது, ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பு அதற்குத் தரச்சான்று அளித்திருக்கிறது.

ஐ-20 வழங்குவதற்கான அனுமதியைத் தருவது குடிவரவுத் துறை. கல்வியின் தரத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. 2011 ஜனவரியில் சோதனைக்கு உள்ளாகி, ஏராளமான இந்திய மாணவர்களை நடுத்தெருவில் விட்ட கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்துக்கும் அந்த அனுமதி இருந்தது. தர அங்கீகாரம்தான் இருக்கவில்லை. ஏசிஐசிஎஸ் அமைப்போ, 2016-இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஏற்பை இழந்து, 2018-இல் அதை மீண்டும் பெற்று, 2021 ஜூனில் மறுபடியும் ரத்து உத்தரவுக்கு உள்ளாகி, மேல்முறையீட்டிலும் தோற்று, 2022 ஆகஸ்டில் முற்றாக இழந்தது. இந்த வரலாறு முழுவதும் பொதுவெளியில் இருந்தும், பெரும் தொகை வாங்கிக்கொண்ட கன்சல்டன்சி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நம் நாட்டின் யுஜிசி போன்ற ஒரே மைய அமைப்பு அங்கு இல்லை. ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் போன்று வட்டார அமைப்புகள் என அறியப்பட்டவைதான் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் தருகின்றன. வட்டார அமைப்புகள், ஏசிஐசிஎஸ் போன்ற தேசிய அமைப்புகள் என்ற பாகுபாட்டை 2020 ஜூலையில் கல்வித் துறை விதிகளிலிருந்து நீக்கிவிட்டபோதிலும், வேறு கல்லூரியில் படித்து முடித்த பாடங்களுக்குப் பெற்ற கிரெடிட்டுகளை ஏற்பதா என்று முடிவெடுக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் இன்றும் அதைப் பார்க்கின்றன. தம்பி மாற விரும்பிய மாநிலப் பல்கலைக்கழகம் அவனுடைய கிரெடிட்டுகளில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. அங்கீகாரமற்ற கல்லூரியின் பட்டத்தைக் கொண்டு அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகள் படிப்புக்குப் பின் அங்கு வேலை பார்க்க உதவும் 24 மாத ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பும் பெற முடியாது என்பதால், அவன் முதல் பருவத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. கட்டிய பணத்தைக் கல்லூரி திருப்பித் தரவில்லை. விசா கிடைத்ததோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று கன்சல்டன்சி கைவிரித்துவிட்டது.

அமெரிக்கக் கல்வித் துறையின் டேபிப் (DAPIP) தரவுத்தளத்தில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். அங்கீகாரம் தந்த அமைப்பு எது, அதைக் கல்வித் துறை இன்றும் ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் கல்லூரி மாறும் எண்ணம் இருந்தால், மாற நினைக்கும் பல்கலைக்கழகத்திடம் கிரெடிட்டுகளை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கன்சல்டன்சி கொடுக்கும் ஒவ்வொரு உறுதியையும் எழுத்தில் வாங்கி, ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் அளித்திருக்கும் புகாருக்கு அந்தத் தாள்களே ஆதாரம்.