எம்பிஆரா, ஜிபிடியா?

ஒரே டிஸ்கில் விண்டோஸ், உபுண்டு, ஃபெடோரா மூன்றையும் வைக்கப் போகிறீர்களா? எதற்கு எத்தனை ஜிபி என்று கணக்குப் போடும் முன், டிஸ்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிள், எம்பிஆர், ஜிபிடி இரண்டில் எந்த வகை என்று பாருங்கள்.

எம்பிஆர் 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்த ஏற்பாடு. டிஸ்கின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் கோடும் டேபிளும் அடங்க வேண்டும். டேபிளுக்கு 64 பைட், ஒரு பார்ட்டிஷனுக்கு 16. ஆக, பிரைமரி நான்குதான். மேலும் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைத் திணிக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தன்னைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை அந்த ஒரே செக்டரில் எழுதப் பார்க்கும். உபுண்டுவுக்குப் பிறகு விண்டோஸ் போட்டால், உபுண்டுவின் பூட்லோடரான கிரப்பின் மெனு மாயமாவது இதனால்தான்.

ஜிபிடியில் இந்த அடிதடி இல்லை. வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடமுண்டு. ஈஎஸ்பி என்ற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனில் ஒவ்வொரு ஓஎஸ்ஸின் பூட்லோடருக்கும் தனி ஃபோல்டர். விண்டோஸ் தன்னை முதலில் நிறுத்திக்கொண்டாலும், கணினியின் பூட் செட்டிங்கில் வரிசையை மாற்றினால் போதும். டேபிளின் நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்க, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த மென்பொருள்) இல்லாத பழைய கணினியில் விண்டோஸ் வேண்டுமானால் மட்டும் எம்பிஆர். ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யுஇஎஃப்ஐ கட்டாயம்.

இன்ஸ்டால் செய்யும்போது பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஜிபிடி என்றால், பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்றிருப்பதையே ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தேர்ந்தெடுங்கள்.