ஏழு நாள் மாத்திரை டப்பா: 'டக்' சத்தத்துக்காகவே வாங்கலாம்

ஆன்லைனில் 260 ரூபாய். காலைக்கு ஏழு, இரவுக்கு ஏழு என்று 14 அறைகள். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கணவருக்கு பைபோலார்: மனசு சில காலம் தூக்கம்கூட வேண்டாமல் உற்சாகத்தில் பறக்கும், சில காலம் சோர்ந்து விழும் மனநோய். காதல் கல்யாணம். கல்யாணமான புதிதில் ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி, "கிளம்புடி, ராமேஸ்வரத்துல சூரியன் உதிக்கிறதைப் பாக்கலாம்" என்றார். மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர், பைக்கில் போனோம். அவர் மூன்று நாளாகத் தூங்கவே இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு என்னைக் கூட்டிப்போனது காதலா, நோயா? இன்னும் கணக்குப் பிரிக்கவில்லை. பிரிக்க மனசும் இல்லை.

மருந்து தொடங்கியதும் வீட்டில் வேறு சண்டை. "மாத்திரை போட்டியா?" இதைத் தவிர நான் அவரிடம் வேறெதுவும் பேசாத நாட்கள் உண்டு. அவர் குளிக்கப் போனதும் அட்டையை எடுத்து எண்ணுவேன். ஒருமுறை பிடிபட்டேன். "நீ பொண்டாட்டியா, வார்டனா?" என்றார். அன்று இரவு தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

எண்ணாமலும் இருக்க முடியாது. அவர் போடும் லித்தியம் மருந்து குறைந்தால் பலன் இல்லை, கொஞ்சம் கூடினாலே விஷம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது. டப்பா வந்தபின் அந்தக் குழப்பம் இல்லை. அறை காலி என்றால் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே அவரே நிரப்புகிறார். நான் தொடுவதில்லை, அதுதான் ஒப்பந்தம். இரவு மூடி 'டக்' என்று மூடும் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். நான் கேள்வி கேட்பதை நிறுத்தியது அந்தச் சத்தத்தால்தான். விழுங்கினாரா என்று டப்பா சொல்லாது, தெரியும். அது எனக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம்.

குறைகளும் உண்டு. மூடியில் ஆங்கில எழுத்து மட்டும்: டி இரண்டு, எஸ் இரண்டு. செவ்வாயா வியாழனா என்று முதல் வாரமே தடுமாறினோம். மார்க்கரில் செ, வி என்று எழுதினேன், பத்தே நாளில் அழிந்துவிட்டது. அப்புறம் ஈரம். அவருடைய இன்னொரு மருந்தான வால்ப்ரோவேட் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுவைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாங்கள் அட்டையோடு சேர்த்துக் கத்தரியால் நறுக்கிப் போடுகிறோம். அதற்கு இந்த அறை சிறியது, மூடியை அமுக்கித்தான் மூட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு. உடைந்தால் இதையேதான் மறுபடி வாங்குவேன். நிறத்தை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கட்டும். இந்த நீலம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம்.