ஏரிக்கரை வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

ஏரிக்கரையில் ஓய்வில்லம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வடிவமைப்பாளர் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர் என்னிடம் பேசிய மாதிரிப் பேச்சை எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே இலங்கையின் கண்டலம ஓட்டல் படத்தைக் காட்டினார். அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1994இல் முடிந்தது. கொடி மூடி, பாறையோடு பாறையாகக் கிடக்கும். "உங்க வீடும் இப்படியே இயற்கையோட கலந்துடும் சார்" என்றார். மயங்கிவிட்டேன். பாறையில் வழியும் மழைநீர் அடியில் ஓடிப் போகட்டும் என்று அந்தக் கட்டடத்தையே தூண்கள்மேல் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கொடியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் மனைக்கு அவர் வந்தது ஒரே தடவை. அதுவும் கோடையில், அரை மணி நேரம். அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றதோ அதுவே ஏரி என்று வரைந்துவிட்டார். கரையோரப் பெரிய மரத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த சேற்றுக் கறை இருந்தது. மீன் பிடிக்க வந்த பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுக் காட்டி, "தம்பி, தண்ணி இதுவரைக்கும் வரும்" என்றார். வடிவமைப்பாளரிடம் சொன்னேன். "அதெல்லாம் பழைய கறை சார்."

நான் வெளியூர் போயிருந்த வாரத்தில் பொக்லைன் இறங்கியது. 'வியூ' வேண்டுமாம், நாணல் மொத்தமும் மூன்று மரங்களும் காலி. கறை இருந்த மரமும் அதில் ஒன்று. மண்ணைப் பிடித்திருந்த வேர் போனபின் கரை நிற்குமா? முதல் பெருமழையிலேயே சரிந்தது. தடுக்கிறேன் என்று கான்கிரீட் சுவர் எழுப்பினார். அலை அதில் மோதித் திரும்பிச் சுவரின் அடிமண்ணையே அரித்தது. தண்ணீர் வராந்தாவின் இரண்டாம் படிவரை ஏறியது. கழிவுநீர்த் தொட்டி மூழ்கிய கதை வேண்டாம்.

முழுக் கண்ணாடிச் சுவர் இன்னொரு கூத்து. அதில் வானம் தெரிவதால் பறவைகள் நேராக வந்து மோதுகின்றன. ஒருநாள் காலை மீன்கொத்தி ஒன்று படியில் செத்துக் கிடந்தது. கண்ணாடியில் விரிந்த இறக்கையின் தடம், பவுடர் அப்பியதுபோல. இப்போது வெளிப்பக்கம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி ஒட்டியிருக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஒப்பந்தத்தில் உள்ள "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரியைக் காட்டுகிறார். கையெழுத்து என்னுடையதுதான்.

உச்ச வெள்ள மட்டம், வெட்டக்கூடாத மரங்கள், கழிவுநீர் போகும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். மழைக்காலத்தில் மனைக்கு வராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

போன வாரம் அவருடைய விளம்பரத்தில் எங்கள் வீட்டைப் பார்த்தேன். வெட்டிய மூன்று மரங்களையும் கணினியில் வரைந்து சேர்த்திருக்கிறார்.