வாட்டம் தவறிய குழாய்: ஏசியோடு மூன்று ஆண்டுகள்

எங்கள் படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குளிர்ச்சியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் இதற்குள் மூன்று முறை அறைக்குள் தண்ணீர் ஒழுகிவிட்டது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. முதல் ஒழுகலின் காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் நான்கு மாதங்கள் பிடித்தன. இன்னொருவர் வீட்டுச் சுவர் அப்படி நான்கு மாதம் நனையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பொருத்திய பத்தாம் நாள் நள்ளிரவில் உள் யூனிட்டின் இடது மூலையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. விடிவதற்குள் சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு இறங்கியிருந்தது. பொருத்தியவர்களை அழைத்தோம். வந்த இளைஞர், "புது ஏசி சார், கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், காற்றில் ஈரம் அதிகம்" என்று சொல்லிவிட்டு, யூனிட்டின் அடி விளிம்பு சுவரைத் தொடும் இடம் முழுவதும் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். சொட்டுவது நின்றது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம்.

உண்மையில் ஒழுகல் நிற்கவில்லை, கண்ணில் படாமல் போயிருந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் வழி அடைபட்டதும் தண்ணீர் யூனிட்டின் முதுகுப்புறமாகச் சுவருக்குள் இறங்கத் தொடங்கியது. அடுத்த மாதமே பெயின்ட் உப்பியது. விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்ந்தது. அறைக்குள் நுழைந்தாலே ஓத வாடை. பிறகு சிலிக்கானையும் மீறி மறுபடியும் சொட்ட ஆரம்பித்தது. கட்டிலை நகர்த்தி, மூலையில் வாளி வைத்தோம். அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து அதைக் கொட்டிவிட்டு வருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஏசியில் தண்ணீர் உண்டாவது கோளாறு அல்ல, அது அதன் வேலை. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால் அங்கே வண்ணங்கள் இடம் மாறி அச்சாகிக்கொண்டிருந்தன. அறைக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியின் குளிர்ச் சுருள் அதைவிட மிகவும் குளிர்ந்தது. ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர்கூட அதிலிருந்து இறங்கும். அவ்வளவும் சுருளுக்கு அடியில் உள்ள தட்டில் சேர்ந்து, மெல்லிய வடிகால் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். பெரும்பாலான ஏசிகளில் இதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. குழாய்க்கு வாட்டம், அதாவது வெளிநோக்கிய சரிவு, இருந்தால் தண்ணீர் போகும், இல்லாவிட்டால் தேங்கும். ஆகவே "தண்ணீர் ஏன் வருகிறது?" என்று கேட்டுப் பயனில்லை. "போக வேண்டிய வழியில் ஏன் போகவில்லை?" என்று கேட்க வேண்டும்.

நான்காம் மாதம் வந்த வயதான மெக்கானிக் அப்படித்தான் கேட்டார். மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். முன் மூடியைத் திறந்து, வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டத்தை எடுத்து யூனிட்டின் மேல் வைத்தார். என்னையும் ஸ்டூலில் ஏறிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருந்த குமிழி நடுக் கோடுகளைத் தாண்டி வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. வடிகால் குழாய் தொடங்குவதும் வலப்பக்கம்தான். "குழாய் இருக்கிற பக்கம் மேடு, இல்லாத பக்கம் பள்ளம். தண்ணீர் எங்கே போகும் சார்?" என்றார். இடது மூலையில் ஏன் சொட்டியது என்பது அந்த நொடியில் புரிந்தது.

பிறகு ஒரு குவளைத் தண்ணீரைச் சுருளின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, என்னை வெளியே போய்க் குழாயின் முனையைப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் வந்தது, நின்றது, ஒரு விக்கலோடு மறுபடியும் கொஞ்சம் வந்தது. உள்ளே ஊற்றியதில் பாதிகூட வெளியே வரவில்லை. குழாய்களை ஒரே கட்டாகச் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்துப் பார்த்தபோது, சுவர்த் துளைக்குள் வடிகால் குழாய் செம்புக் குழாய்களுக்கு மேலாக ஏறிப் போயிருந்தது. அது எப்போதும் கட்டின் அடியில் கிடக்க வேண்டும். துளையும் வெளிப்பக்கம் தாழாமல் நேர்மட்டமாகவே போடப்பட்டிருந்தது. வெளியே நெளிகுழாய் தொய்ந்து தொங்கி, அந்தத் தொய்வில் தண்ணீர் நிரந்தரமாகத் தேங்கியிருந்தது. போதாக்குறைக்கு அதன் முனை, வெளியே நான் வைத்திருந்த இன்னொரு வாளியின் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அப்படி மூழ்கினால் இடையில் சிக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரைத் தடுத்துவிடும். இத்தனை தவறுகள் ஒரே பொருத்துதலில்!

யூனிட்டைத் தாங்கும் சுவர்ப் பலகையைக் கழற்றி, வடிகால் பக்கம் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) தாழ்த்தி மாட்டினார். துளையின் வெளி விளிம்பை உளியால் கீழ்நோக்கிச் செதுக்கினார். வடிகால் குழாயை அடியில் கொண்டுவந்து, வெளியே நெளிகுழாயை எடுத்துவிட்டு நேரான பிவிசி குழாய் போட்டார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும், இரண்டு இருந்தால் கவலையே இல்லை என்றார். மறுபடியும் குவளைத் தண்ணீர். இம்முறை வெளியே ஒரே சீராக, நூல் பிடித்தாற்போல விழுந்தது.

அந்தக் குவளைச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. பொருத்திய அன்றே யாராவது அதைச் செய்திருந்தால் எங்கள் சுவர் பிழைத்திருக்கும். ஆகவே பொருத்த வருபவர் கருவிப் பையை மூடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் வந்த ஒழுகல் எளியது. வடிகால் குழாயில் பாசியும் தூசியும் சேர்ந்து, சளிபோல் அடைத்துக்கொண்டிருந்தன. மெக்கானிக் வெளி முனையில் ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரைப் பொருத்தி இழுத்ததும், பழுப்பு நிறத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கட்டி வந்து விழுந்தது. வாயால் ஊதியோ கம்பியால் குத்தியோ பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் இணைப்பு கழன்றுவிடக்கூடும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டிகளைக் கழுவுகிறேன், கோடை தொடங்குமுன் ஒரு முறை தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். பிறகு அடைப்பு வரவில்லை.

மூன்றாவதுதான் என்னைக் குழப்பியது. ஏசி ஓடும்போது அறை காய்ந்திருக்கும், நிறுத்திய அரை மணி நேரத்தில் சொட்டும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் சுருளின் ஒரு பகுதியில் வெள்ளையாகப் பனிக்கட்டி. ஏசி நின்ற பிறகு அது மளமளவென்று உருகுவதால்தான் அந்த ஒழுகல். வடிகட்டியில் தூசி அடைந்தாலும், குளிர்விக்கும் கேஸ் குறைந்தாலும் இப்படிப் பனி கட்டும். எங்கள் வடிகட்டி சுத்தமாகத்தான் இருந்தது. முதலில் வந்தவர், "கேஸ் தீர்ந்துபோயிருக்கும், நிரப்பிவிடலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேஸ் ஒரு மூடிய சுற்றுக்குள் ஓடுவது, அது தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். பழைய மெக்கானிக்கையே அழைத்தேன். வெளி யூனிட்டின் நட்டு இணைப்பு ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. சோப்பு நுரை தடவியதும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. குழாயின் முனையை வெட்டி, புதிதாக விரித்து இணைத்து, வெற்றிடப் பம்பு வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றை இழுத்துவிட்டு, எடைபோட்டு கேஸ் ஏற்றினார்.

அதன் பிறகு எட்டு மாதமாக ஒரு சொட்டும் இல்லை. வாளி இப்போது வெளியேதான் இருக்கிறது, குழாயின் முனை அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. அந்தத் தண்ணீரில் தரை துடைக்கிறோம். குடிக்கவோ சமைக்கவோ அது ஆகாது, சுருளின் தூசியும் கிருமியும் அதில் கலந்திருக்கும். சுவரில் பழைய கறை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் அம்மா. இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், அந்தச் சுவர் முழுவதும் காய்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகு அடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.